ஓட்டறவனை வரச் சொல்லு

சைக்கிளைக் கொண்டுபோய்க் கடை முன்னால் நிறுத்தினால் அக்கா சைக்கிளைப் பார்க்க மாட்டார். நம்மைத்தான் பார்ப்பார். அதிலும் முகத்தை அல்ல, கால்களை. புதிதாக வருகிறவர்கள் கூச்சப்பட்டு வேட்டியை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். "அந்தப் புளியமரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்பார். பெடல் கிராங்கு ஆடுகிறது என்று வந்தவன் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டுப் பயனில்லை. நடந்து காட்டாதவனின் சைக்கிளை அவர் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது.

எலப்புள்ளியிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தக் கடை. எழுபதுகளின் நடுப்பகுதி. கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. கடலையை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளை மிதித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகத் தொடங்கியிருந்தோம். கடை அக்காவின் கணவருடையது. அவரை எல்லோரும் மாமா என்போம். வாடகைக்குச் சைக்கிள் விடுவது, பஞ்சர் ஒட்டுவது, காற்றடிப்பது எல்லாம் மாமா. கிராங்கு வேலை மட்டும் அக்காவுடையது. அதில் மாமாவைக் கை வைக்க விடமாட்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு எதைக் கண்டும் வாய் பிளக்கிற வழக்கம் இல்லை. எங்கள் கம்பெனிக்குப் பெரிய கிரேன் வந்து இறங்கிய அன்று ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அப்பேர்ப்பட்டவன், அக்கா கிராங்கு கழற்றுகிறார் என்றால் லீவு நாளிலும் போய்க் கைகட்டி நிற்பேன்.

பெடலைத் தாங்கி நிற்கிற இரும்புக் கைதான் கிராங்கு. அது நடு அச்சில் மாட்டியிருக்கும். அன்றைய சைக்கிள்களில் அது நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தது சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பின். ஒரு பக்கம் மட்டும் அரத்தால் சரிவாக ராவிய பின். மற்ற கடைகளில் நட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுத்தியலால் ஓங்கிப் போடுவார்கள். பின்னின் மரை நசுங்கும். அடியின் வேகம் அச்சுக்குள் இறங்கி, பால்ஸ் குண்டுகள் உருளுகிற கிண்ணத்தில் வடு விழும். அப்புறம் ஆயுசுக்கும் அந்த வண்டி கரகரவென்று அழுதுகொண்டேதான் போகும்.

அக்கா நட்டை முழுதாகக் கழற்ற மாட்டார். பின்னின் நுனியும் நட்டின் மேல்பக்கமும் சமமாக வருகிற வரைக்கும் தளர்த்திவிட்டு நிறுத்திக்கொள்வார். கிராங்குக்கு நேர் கீழே தரையில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுப்பார். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகுவார். பிறகு ஒரே தட்டு. பின் தளர்ந்து கொடுக்கும். மீதி நட்டையும் திருகி எடுத்து விரலால் தள்ளினால் குழாய்க்குள் விழும். இரண்டாவது தட்டுத் தட்டி நான் பார்த்ததில்லை. அச்சை உருவி, பால்ஸையெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு அலசி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் உருட்டிப் பார்த்து, சொத்தையை வீசிவிட்டுப் புது கிரீஸில் பதித்து வைப்பார். எல்லாம் பூட்டி முடித்ததும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். அவ்வளவுதான் அவர் பார்க்கிற சோதனை. ஏறி ஓட்டிப் பார்ப்பது மாமா. எங்கள் பக்கத்தில் அப்போது கல்யாணமான பெண் சைக்கிளில் ஏறினால் ஊர் ஒரு வாரம் அதையே மென்றுகொண்டிருக்கும். அக்கா ஏறி யாரும் பார்த்ததில்லை.

நான் முதல்முறை போனபோது இடப்பக்கக் கிராங்கு மிதிக்கு மிதி டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பின்னை மாற்றி மாற்றி அலுத்துப்போய்த்தான் போனேன். நடக்க வைத்தார். பிறகு சைக்கிளில் ஏறிப்போய்த் திரும்பி வரச் சொன்னார். நான் எல்லோரையும் போல இடது பெடலில் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் தரையை உந்தி உந்திக் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏந்தம்பி, ஏறி உக்காரறதுக்குள்ள ஊட்டுக்கே போய்ச் சேந்துருவ போல. அத்தன நேரமும் உன்ற மொத்தக் கனமும் அந்த ஒத்தப் பின்னு மேலதான நிக்குது? அது பாவம் என்ன பண்ணும்?"

"அப்ப பின்னுல கோளாறு இல்லீங்களாக்கா?"

"பின்னுக்கென்ன, ராசா மாதிரி இருக்குது. கோளாறு உங்கிட்ட. ஒரே உந்து, உக்காரு. இல்லாட்டி மாசத்துக்கொருக்கா வந்து நின்னுட்டே இருப்ப."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பின் ஆடவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குணத்தால் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு. அரிசி மில்காரர் தன் ஆளிடம் சைக்கிளைக் கொடுத்தனுப்பினார். அச்சு அடிக்கடி ஒரு பக்கமாகத் தேய்கிறது, கழற்றிச் சரிபண்ண வேண்டும் என்று. "ஓட்டறவரை வரச் சொல்லு" என்று அக்கா சைக்கிளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மில்காரர் கொதித்துப்போய் வந்தார்.

"சைக்கிளுக்குத்தான கேடு? நான் எதுக்கு வரோணும்?"

"ஏனுங்க, நீங்க ஏறாம அது தானா தேயுதுங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவரைச் சைக்கிளில் உட்காரச் சொல்லி முழங்கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அல்லாரும் அக்கட்டால போங்க, இங்கென்ன கூத்தா நடக்குது?" என்று விரட்டினார். அன்றைக்கு நடந்ததை வெகுநாள் கழித்து மில்காரரே சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவருக்குச் சைக்கிள் என்றால் பயம். விழப்போனால் இரண்டு காலும் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தார். முழங்கால் அகன்று, பெடலைப் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டே போயிருக்கிறார். அக்கா சீட்டை ஏற்றிவிட்டு, அவருக்குப் பயம் தெளிகிற வரைக்கும் மில்லின் களத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மாமாவின் கதைக்கு வருகிறேன். கிராங்குப் பின் மாட்டுவதில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு கிராங்கையும் எதிரெதிராக நிறுத்தி, வலப்பக்கத்துப் பின்னை மேலிருந்து போட்டால் இடப்பக்கத்துப் பின்னைக் கீழிருந்து போட வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் போட்டால் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ஒரு பெடல் முந்தும், ஒன்று பிந்தும். மிதிக்கிறவன் சீட்டிலேயே நொண்டுவான். அக்கா உறவுக்காரர் ஊருக்கு நோம்பி விசேஷத்துக்குப் போயிருந்த நாளில் மாமா ஒரு வாடகைச் சைக்கிளுக்கு அப்படித்தான் மாட்டிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு ஒருவன் பெண் பார்க்கப் போனான். பெண் வீட்டுத் தெருவில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டு அவன் வந்த அழகை வாசலில் நின்று அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பையனுக்கு ஒரு கால் கட்டை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சம்பந்தம் நின்றது.

அக்கா ஊருக்கு வந்ததும் நேரே பெண் வீட்டுக்குப் போனார், பையனையும் இழுத்துக்கொண்டு. "பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க சைக்கிளுக்குத்தான் நொண்டி. வேணும்னா நடக்கச் சொல்லிப் பாத்துக்குங்க" என்று அங்கேயும் அவனை நடக்கவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு நானும் சாப்பிடப் போயிருந்தேன். மாமா அன்றோடு சுத்தியலைக் கீழே வைத்தவர்தான்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் சொல்லி வந்தேன். என் தலையில் இடி விழுகிற வரைக்கும்.

மாசி மாதம் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைச் சரிபார்க்கும்போது படி சறுக்கி விழுந்தேன். இடது முழங்கால் பாறையில் மோதியது. பாலக்காட்டு ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் பாதி மட்டும்தான் மடங்கியது. அதற்குமேல் ஒரு அங்குலம் மடக்கினாலும் உயிர் போயிற்று. இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் என் வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் மடங்க அவசியமில்லை. போய்ச் சேருவதுதான் பாடு. முதல் ஷிப்டுக்கு முன்னால் பஸ் கிடையாது. அங்கேயே அறை எடுத்துத் தங்கலாமென்றால் வீட்டில் பார்வை போன அப்பாவும் மாசமாக இருந்த மனைவியும். மாசக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடது பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் மடங்காமல் என்னையே சீட்டிலிருந்து தூக்கிப் போட்டது. சைக்கிளை விற்றுவிடலாம் என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"சைக்கிள் வந்துருச்சு. ஓட்டறவனக் காணமே?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. இனி எங்கீங்க ஓட்டறது?"

"அத நான் சொல்லோணும். உக்காரு."

முக்காலியில் உட்கார வைத்து என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மெதுவாக மேலே உயர்த்தினார். நான் கத்திய இடத்தில் அப்படியே நிறுத்தி, இடுப்பிலிருந்து ஒரு நூல் கயிற்றை எடுத்துத் தொடைக்கும் குதிகாலுக்கும் நடுவே பிடித்து முடிச்சுப் போட்டார். மறுபடியும் உயர்த்தினார். மறுபடியும் கத்தினேன். எங்கே வலி, முழங்காலுக்கு மேலா, கீழா, பின்னாலா, இழுக்கிற வலியா, குத்துகிற வலியா என்று ஆசுபத்திரியில்கூட யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார்.

"மாசக் கடைசிதான? செரி. சைக்கிள் எங்கிட்டவே கெடக்கட்டும்."

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. முடியாது என்று ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டு கிடப்பவனிடம் வந்து ஆசையைக் கிளப்பிவிட்டுப் போகிறாரே என்று. நாட்கள் போயின. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிராங்கு கழற்றிக் கிடக்கிறது என்றாள். இன்னொரு நாள், வேறென்னமோ குட்டியாக மாட்டியிருக்கிறது என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் காலையில் மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கா வந்து வாசல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். உற்றுப் பார்த்தேன். இடப்பக்கத்தில் சிறுபிள்ளைகள் ஓட்டும் குட்டிச் சைக்கிளின் கிராங்கு, வலப்பக்கத்தில் என்னுடைய பழைய கிராங்கு. அதைவிட மோசம், பின்கள்.

"அக்கா, பின்னு ரெண்டும் ஒரே பக்கமாப் போட்டிருக்குதுங்க!"

"என்ற ஊட்டுக்காரர் போட்டா தப்பு. நான் போட்டா தெரிஞ்சுதான் போட்டிருப்பேன்."

கையால் பெடலைச் சுற்றிக் காட்டினார். குட்டிக் கிராங்கு ஆனதால் இடது பெடல் அவ்வளவு உயரம் ஏறாது. என் கால் எவ்வளவு மடங்குமோ அவ்வளவுதான் அதன் வட்டம். ஆனாலும் உச்சியில் வந்து நின்றுவிட்டால் மடங்காத காலால் அதைத் தள்ள முடியாது. அதனால்தான் பின்னை அப்படிப் போட்டிருந்தார். நல்ல கால் வலது பெடலை அடிவரைக்கும் மிதித்து முடிக்கும்போதே இடது பெடல் உச்சியைத் தாண்டி முன்னால் சாய்ந்திருக்கும். கால் சும்மா கிடந்தால் போதும், அதன் கனத்திலேயே இறங்கிவிடும். மாப்பிள்ளையை நொண்டியாக்கிய அதே தப்பு.

"இடது பெடல்ல ஏறாத. ஒசரமா ஒரு கல்லுப் பக்கத்துல நிறுத்தி, அதுல காலூனி மொதல்ல உக்காரு. வலது கால்ல உந்து. கம்பெனி வாசல்லயும் ஒரு கல்லுப் போட்டு வெச்சுக்க."

உட்கார்ந்தேன். உந்தினேன். இடது பெடல் மேலே வர வர உடம்பெல்லாம் கூசியது. வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். வலிக்கவில்லை. அது நழுவிக்கொண்டு முன்னால் போய் இறங்கிவிட்டது. மறுபடியும் வந்தது, மறுபடியும் இறங்கியது. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். வழக்கமாக ஒவ்வொருவன் பின்னாலும் கொஞ்ச தூரம் நடந்து வந்து பார்க்கிற அக்கா அன்று சுவரை விட்டு நகரவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் அது ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் இருட்டு பிரியும்போதே கிளம்பினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே முகத்தில் அறைந்தது. கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் நான் காலை இழுத்து நடப்பதை ஏற இறங்கப் பார்த்தார்.

"தான் எங்ஙனெயா வந்நது?" என்றார் மலையாளத்தில், எப்படி வந்தாய் என்று.

"சைக்கிள்ல வந்தேன் சார்."

நம்பாமல் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சைக்கிளைப் பார்த்தார். ஏறிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "கேறிக்கோ" என்றார், உள்ளே போ என்று. என் வேலை எனக்கே நிலைத்தது.

சாயங்காலம் நேரே கடைக்குத்தான் வந்தேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் இருந்த வீட்டு வாசலில் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். வேலை கிடைத்ததைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"படுத்திருக்குது. மொழங்கால் வீங்கிப்போச்சுங் தம்பி."

"ஐயோ, என்னாச்சுங் மாமா?"

அவர் உடைத்துச் சொல்லிவிட்டார். அந்த நூல் கயிற்று அளவுக்கு மேல் மடங்காதபடி அக்கா தன் முழங்காலுக்குப் பின்னால் துணிச்சுருளை வைத்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டாராம். மாமாவின் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஆள் தெரியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெளுக்கும் நேரத்தில் வற்றிப்போன குளத்துக்குள் என் சைக்கிளை இறக்கினாராம். முதலில் ஓட்டவே வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே விழுந்து எழுந்திருக்கிறார். அப்புறம் கட்டிய காலோடு விழுந்திருக்கிறார். விழுந்த இடத்தைப் பார்த்து, வந்து பின்னைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் ராவி, மறுநாள் திரும்பவும் போயிருக்கிறார்.

"நாஞ் சொன்னா கேக்கறதில்லீங். உக்காந்துட்டு ரோசன பண்ணுனா அவனுக்கு எங்க வலிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்னு கேக்குது."

உள்ளே போனேன். அக்கா பாயில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டியூபின் தடம் கருஞ்சிவப்பாக முழங்காலைச் சுற்றிப் பதிந்திருந்தது. முழங்கையிலும் சிராய்ப்பு. நான் பார்ப்பதைக் கண்டதும் சேலையை இழுத்து மூடிக்கொண்டார். கும்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் கேள்வி வந்துவிட்டது. வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

"போற வழியில எங்கியாவது கால் வலிச்சுதா?"

"வேறெங்கியும் இல்லீங்கக்கா. ரயில்வே கேட்டுக்கு முன்னால மேடு இருக்குதில்லீங்க, எதிர்க்காத்து வேற. அந்த ஒரு எடத்துல மட்டும் சுருக்குனு குத்துச்சு."

அக்கா தலையை ஆட்டினார். அவருக்குப் புதிதாக எதையும் நான் சொல்லிவிடவில்லை என்று முகமே சொன்னது.

"எனக்கும் அங்கதான் குத்துச்சு" என்றார். "ரெண்டு நாளும்."

குளத்துக்குள் மேடு ஏது? கட்டிய காலோடு கஞ்சிக்கோடு வரைக்கும் என் வழியை அவர் எனக்கு முன்பே மிதித்துப் போய்விட்டு வந்திருந்தார். நான் தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றேன். "அந்த மேட்டுல எறங்கித் தள்ளிட்டுப் போ" என்றார் அக்கா. "நானும் எறங்கித்தான் தள்ளுனேன்."